எடைக்காரரின் ஓட்டு

தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது எடைக்காரருக்கு அவர் மனைவி முகம் மழித்துக்கொண்டிருந்தாள். இடது கன்னம் முடிந்து வலது கன்னத்துக்கு வந்திருந்தாள். வலது பக்கம் எப்போதும் நேரம் பிடிக்கும். அந்தப் பக்கத்துச் சதை தொங்கிப்போய், பிளேடு போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வந்தது. இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக மழிக்க வேண்டும்.

தபால்காரர் ஜன்னல் வழியாகவே உறையை நீட்டினார். அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பிரித்தாள். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“என்ன... சொல்றான்?” என்றார் எடைக்காரர். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மென்று, பிறகுதான் வெளியே விட்டார்.

“கையெழுத்து ஒத்துப்போகலையாம்.”

“யாரு... கையெழுத்து?”

“உங்க கையெழுத்துதாங்க. அவங்க நோட்டுல இருக்கறதும் நாம அனுப்பின மனுவுல இருக்கறதும் வேற வேறயா இருக்காம். அதனால தபால் ஓட்டு தர முடியாதாம்.”

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுரை காய ஆரம்பித்தது.

தெருவின் கோடியில் இருந்த ஜல்லி யார்டில் முப்பத்தோரு வருடம் எடைமேடை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் அவர். லாரி வந்து மேடையில் ஏறும். முள் ஆடி நிற்கும். எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் வாசல் கதவு திறக்காது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி, அதிலிருந்து ஓர் அலை, கடைசியில் பின்னால் திரும்பி வருகிற ஒரு வால். எழுதப் படிக்கத் தெரியாத டிரைவர்களும் அந்த வாலைத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலை பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. இடது கால் அப்போது காட்டிய அசைவுதான் உயிர் இருக்கிறதென்று சொன்னதாம். வலது கையும் காலும் அன்றோடு சரி. வலது கண்ணிலும் பாதிதான் பார்வை.

மனுவில் அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டிருந்தார். மையில் விழுந்து எழுந்த எறும்பு நடந்துபோன மாதிரி இருந்தது அது.

“முப்பத்தோரு வருசம்... என் கையெழுத்த பாத்துதான்... கேட்டயே தொறந்தான்,” என்றார்.

“பேசாதீங்க. வெட்டிக்கப் போகுது.” அவள் மறுபடி நுரை பூசினாள்.

*

அந்த வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். யார்டை ஊருக்கு வெளியே தள்ளவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. இன்னொருவர் டயர்க்கடைக்காரர். யார்டு இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு கல்லைக்கூட நகர்த்த விடமாட்டேன் என்றார்.

எடைக்காரருக்கு டயர்க்கடைக்காரர்தான். யார்டில் தொண்ணூறு பேர் வேலை செய்தார்கள். எடைக்காரரின் மருமகன் அங்கே பொக்லைன் ஓட்டினான். யார்டு இருபது மைல் தள்ளிப் போனால் புது ஆள் எடுப்பார்களே தவிர இவர்களைக் கூட்டிப்போக மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் மனைவி டீச்சர் பக்கம். அடுத்த தெருவில் மகள் வீடு. ஆறு வயதுப் பேத்தி, எல்லோரும் வாலு என்று கூப்பிடுகிறவள், மூச்சு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள் அவள். தோள் இரண்டும் காதுவரை ஏறும். கழுத்துக்குழி உள்ளே போகும். மூச்சு மருந்து அடிக்கிற நீலப் புட்டியை வாயில் வைத்து அழுத்திய பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் எண்ண வேண்டும். காற்று யார்டுப் பக்கமிருந்து அடிக்கிற நாளில் ஜன்னலில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.

இதைப் பற்றி இருவரும் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து எந்தத் தேர்தலிலும் இரண்டு பேரும் ஒரே ஆளுக்குப் போட்டதில்லை. ஒன்றாகக் கிளம்பிப் போவார்கள், ஒன்றாக வரிசையில் நிற்பார்கள், ஆளுக்கொரு பக்கம் போட்டுவிட்டுத் திரும்பி வரும் வழியில் ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

கடிதம் வந்த செய்தி கேட்டு மருமகன் வேலை உடுப்போடு வந்தான். சட்டை மடிப்புகளில் சாம்பல் நிறத் தூசி கோடு கோடாக இருந்தது.

“இதுக்கா அத்தை இவ்வளவு யோசனை? நீங்களே போட்டுடுங்க. மாமா கையெழுத்து உங்களுக்குத் தெரியாததா? நான்கூடப் போடுவேன். கொக்கி, அலை, வால்.”

கட்டிலின் இரும்புக் கம்பியில் டங்கென்று சத்தம் கேட்டது. எடைக்காரர் இடது கையால் அறைந்திருந்தார்.

“கள்ளச் சீட்டா?” என்றார். “கள்ளச் சீட்டா... போடச் சொல்ற?”

“இல்ல மாமா, சும்மா ஒரு...”

“நாப்பது டன்ன... முப்பத்தேழுன்னு போடுன்னான்... ஓனர் மச்சான். போடல. என்ன... வேலைய விட்டுத் தூக்கிட்டானா?”

“யாரும் தூக்கல மாமா. நான் ஒண்ணும் சொல்லல.” மருமகன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மகள் சமையலறையில் அம்மாவின் காதோரம் சொன்னாள்: “ஏம்மா, உனக்கு எதிரா விழப்போற ஓட்டுக்கு நீயே தூக்குக்கூலி வேல பாக்கறியே. விட்டுடேன். லெட்டர் அவங்களேதான அனுப்பிச்சிருக்காங்க? உன் மேல என்ன தப்பு?”

“அதெப்படிடி விடறது?”

“வாலுவ நெனச்சுப் பாரும்மா.”

“நெனக்காமலா இருக்கேன்?” அவள் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் போட்டாள். “அந்த மனுசனுக்கு மூஞ்சி கழுவறது நான். ஊட்டறது நான். பீ, மூத்திரம் எடுக்கறது நான். தானா செய்யறதுக்குன்னு இது ஒண்ணுதான் பாக்கி. அதையும் நானே புடுங்கிக்கவா?”

“நீ போய்ப் போடுவியா?”

“யாரு, நானா? போடுவேன். நீ?”

“நான் யாருக்கும் போடப்போறதில்ல. என் புருசன் வேலையா, என் புள்ள மூச்சான்னு என்கிட்ட சீட்ட நீட்டினா நான் எதுல குத்துவேன்?”

*

எடைக்காரரின் மனைவி வேலை செய்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்து, நீராவி உருளைக்குள் விட்டு எடுத்தால் மறுபக்கம் சூடாக, விறைப்பாக வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வெளியே வரலாம். கடிதம் வந்த மறுநாள் வெளியே வந்ததும் நேராகத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலகம் பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில் இருந்தது. செங்குத்தான இருபத்தாறு படி. மேலே ஏறியதும் கதவில் ‘முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் பிரிவு’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மூச்சு வாங்க நின்று அதைப் படித்தாள்.

மேசைக்குப் பின்னால் ஓர் ஒல்லியான எழுத்தர் இருந்தார். கடிதத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“கையெழுத்த மாத்தணும்னா அவரே நேர்ல வரணும்மா.”

“அவரால எழுந்திருக்க முடியாதுன்னுதான சார் தபால் ஓட்டே கேட்டிருக்கோம்.”

“அது சரி. ஆனா மாதிரிக் கையெழுத்து எங்க முன்னாடிதான் போடணும்.”

“நேர்ல வர முடிஞ்சா நேர்லயே ஓட்டுப் போட்டுட்டுப் போயிடுவாரே சார்.”

எழுத்தர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். கெட்ட மனிதரில்லை. “நீங்க சொல்றது ஞாயந்தான்,” என்றார். “ஆனா நீங்க சொல்ற ஞாயத்துக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்லையே.”

“கைநாட்டு வெச்சா?”

“எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் கைநாட்டு. இவருக்குத் தெரியும்னு பதிவாகியிருக்கு.”

“தெரியும் சார். கைதான் வரல.”

“அதான் சொல்றேன். தெரியும்ல?”

பக்கத்து மேசையில் ஓர் அதிகாரி, தலை நரைத்த பெண், ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். சுளையை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: “ஏம்ப்பா, வீட்டுக்குப் போய்ப் பாக்கற ஃபாரம் ஒண்ணு இருக்குமே. பீரோவுல கீழ்த்தட்டுல. போன தேர்தலுக்கு அச்சடிச்சது.”

அந்தப் படிவம் கிடைத்தது. அதற்கு டாக்டர் கடிதம் வேண்டியிருந்தது. டாக்டர் கடிதத்தில் முத்திரை இல்லையென்று இன்னொரு தடவை போனாள். முத்திரை இருந்தது, தேதி இல்லையென்று மூன்றாம் தடவை. டாக்டரிடம் போக மூன்று பாதி நாள் விடுப்பு. மேற்பார்வையாளர், “உன் வீட்டுக்காரர் தேர்தல்ல நிக்கறாரா என்ன?” என்று கேட்டான்.

“நிக்கத்தான் முடியலையே,” என்றாள் அவள். உருளைப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வீட்டில் எடைக்காரர் பழகிக்கொண்டிருந்தார். சலவைக்கூடத்தில் மூட்டைகளில் கட்டும் இளஞ்சிவப்புச் சீட்டுகளை அவள் கொண்டுவந்து கொடுத்தாள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். மடியில் பலகை. இடது கையில் பேனா. கொக்கி வந்துவிட்டது. அலை வருவதற்கு நான்கு நாள் ஆனது. வால் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் ஓடியது. வேலை முடிந்து அவள் திரும்பி வரும்போது கட்டிலைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் கிடக்கும்.

“இதப் பாரு... இது எப்படி?”

“நல்லா இருக்கு.”

“இது?”

“இதுவும் நல்லா இருக்கு.”

“பொய். இது... ஆடு மேஞ்ச மாதிரி... இருக்கு.”

பதினோராவது நாள் ஆரஞ்சுப் பழ அதிகாரியும் ஓர் இளைஞனும் வீட்டுக்கு வந்தார்கள். எடைக்காரர் சுத்தமான சட்டை போட்டு, தலையணை மேல் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை கையெழுத்துப் போடவேண்டும். மூன்றும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்றார் அதிகாரி. முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் வால் கைதவறிக் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. எடைக்காரரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டாமலேயே காகிதத்தைப் பார்த்தார். “எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது,” என்றார். இளைஞனிடம், “உனக்கு?”

“எனக்கும்தான் மேடம்.”

அவர்கள் போன பிறகு எடைக்காரர் சாயங்காலம்வரை தூங்கினார், லாரியில் கல் ஏற்றி இறக்கியவர் மாதிரி.

*

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. தூசி அடங்கிவிட்டது. வாலு நன்றாக மூச்சு விட்டாள். புட்டி அலமாரியிலேயே இருந்தது. ஆனால் ஆற்றோரச் சாலையில் தண்ணீர் ஏறித் தபால் வண்டி நின்றுபோனது. ஓட்டுச் சீட்டு வரவில்லை. எடைக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தெருவில் யார் குடை பிடித்துக்கொண்டு போனாலும், “அவனா?” என்றார்.

“இல்லீங்க. வேற யாரோ.”

தேர்தலுக்கு முந்தின நாள் பகல் ஒரு மணிக்குத் தபால்காரர் முழங்கால்வரை நனைந்து வந்தார். அன்று ஐந்து மணிக்குள் தபால் ஓட்டு அலுவலகப் பெட்டியில் விழுந்தாக வேண்டும். அவள் அன்றைக்கும் விடுப்புச் சொல்லியிருந்தாள்.

பெரிய உறைக்குள் ஒரு சிறிய உறை, ஓட்டுச் சீட்டு, ஒரு விளக்கத்தாள். அவள் விளக்கத்தாளைச் சத்தமாகப் படித்தாள். பெயருக்கு எதிரே உள்ள கட்டத்துக்குள் பெருக்கல் குறி போடவேண்டும். கீழே இரண்டு படம் இருந்தன. ஒன்றில் குறி கட்டத்துக்குள் இருந்தது. இன்னொன்றில் இரண்டு கட்டத்துக்கும் நடுவில், கோட்டின் மேல் இருந்தது. அதன் கீழ் ‘செல்லாது’ என்று போட்டிருந்தது. வாக்காளர் தனிமையில் குறியிட வேண்டும் என்றும் இருந்தது.

“கேட்டேல்ல?” என்றார் அவர். முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு குறும்பு வந்திருந்தது. “நீ எதிர்க்கட்சி... வெளிய போ.”

அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். உள்ளே பேனா விழுகிற சத்தம் கேட்டது. போகலாமா என்று நினைத்தாள். கட்டில் கம்பி முனகியது; அவர் தானே சரிந்து பேனாவை எடுத்துவிட்டார் போல. இன்னொரு தடவை விழுந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

“இந்தா... வா.”

போய்ப் பார்த்தபோது ஓட்டுச் சீட்டு தரையில் கிடந்தது. ஒரு கையால் மடிக்கப் பார்த்து வழுக்கி விழுந்துவிட்டது. எழுத்து மேலே தெரிய விழுந்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே குனிந்து எடுத்தாள்.

“பரவால்ல... பாரு. போட்டாச்சுல்ல. கண்ணு சரியா தெரியல எனக்கு. சரியா... விழுந்திருக்கா?”

அவள் பார்த்தாள்.

குறி பெரிதாக, அழுத்தமாக இருந்தது. அந்தக் கை அவ்வளவு நேர்க்கோடு போட்டதே பெரிய விஷயம். ஒரு கால் டயர்க்கடைக்காரர் கட்டத்தில் இருந்தது, இன்னொரு கால் டீச்சர் கட்டத்தில். இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடம் நடுக்கோட்டின் மேல் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. விளக்கத்தாளில் இருந்த இரண்டாவது படத்தை அப்படியே பார்த்து வரைந்தது போல.

அவள் நிமிர்ந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது. வலது பாதி ஒத்துழைக்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

“சரியா விழுந்திருக்குங்க,” என்றாள். “கட்டத்துக்குள்ள, நட்ட நடுவுல.”

“ம்,” என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் சீட்டை நான்காக மடித்துச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்டினாள். பெரிய உறையின் மேல் அவர் கையெழுத்துப் போடவேண்டும். பலகையை மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். கொக்கி வந்தது, அலை வந்தது, வால் அழகாகப் பின்னால் திரும்பி வந்து நின்றது. எடைமேடை ஜன்னலில் போட்ட கையெழுத்துக்கும் இதற்கும் பழைய டிரைவர்கூட வித்தியாசம் சொல்ல முடியாது.

உறையைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் போனாள். பஸ் சுற்றி வந்தது. நாலரைக்கு இருபத்தாறு படி ஏறினாள். எழுத்தர் கையெழுத்தை ஒத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, கடைசியில ஜெயிச்சுட்டீங்க!” என்றார். பெட்டியின் வாயைக் காட்டினார். அவள் போட்டாள். உறை அடியில் போய் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, பெட்டி நிறைந்திருந்தது.

கீழே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. அவர் ஓட்டு இல்லை. அவள் ஓட்டு இருக்கிறது. கெட்டுப்போன சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் வேறு தருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா? முகத்தைப் பார்த்துத்தான் பொய் சொன்னாள். சத்தியமாக அந்த முகத்துக்காகத்தான். ஆனால் இதை வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே நம்புகிறாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடி படி ஏறினாள். எழுத்தர் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றிருந்தார்.

“சார், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உள்ள போட்டத வெளிய எடுக்க முடியுமா?”

“ஏம்மா, எதையாவது வைக்க மறந்துட்டீங்களா?”

“இல்ல சார். சும்மா.”

“விழுந்தா விழுந்ததுதாம்மா. நானே போட்டிருந்தாலும் எடுக்க முடியாது. சாவி எங்ககிட்ட இல்ல.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “கவலப்படாதீங்க. எல்லாம் சரியா இருந்துச்சு. கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு,” என்றார்.

*

தேர்தலன்று அவளுக்குக் காலை வேலை. மறுமுனை பிடித்து மடிக்கிற பெண் அவளை விடப் பத்து வயது சின்னவள், வாய் ஓயாது. விரிப்பை உதறி, நீளவாக்கில் மடித்து, நெருங்கி வந்து முனையைச் சேர்த்துவிட்டு மறுபடி விலகிப்போவார்கள். விலகும்போது பேச்சு நிற்கும், நெருங்கும்போது தொடரும்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் ஓட்டு ஒரு வழியா போச்சா?”

“போச்சு.”

உதறினார்கள்.

“எத்தன நாள் அலைஞ்சீங்க! நானா இருந்தா தபால்ல தொலஞ்சுபோச்சுன்னு சொல்லி அடுப்புல போட்டிருப்பேன். உங்க ஆள் டீச்சர்தான? ஒரு எதிரி ஓட்டு கொறஞ்சிருக்கும்.”

அவள் கையிலிருந்த முனை நழுவியது. விரிப்பு ஈரத்தரையில் விழுந்தது. மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

“என்னக்கா, சூடு பட்டுடுச்சா?”

“ஆமா,” என்றாள்.

மூன்று மணிக்கு வரிசையில் நின்றாள். பள்ளிக்கூட அறை. சிறு பிள்ளைகளின் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். அட்டையால் மறைத்த மேசை, கயிற்றில் கட்டிய பேனா. சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பெயர், இரண்டு கட்டம், நடுவில் ஒரு கோடு.

வாலுவின் கழுத்துக்குழி உள்ளே போவது கண்ணில் தெரிந்தது. வாயின் இடது பாதி சிரித்ததும் தெரிந்தது. பின்னால் யாரோ செருமினார்கள். அவள் குனிந்து, டயர்க்கடைக்காரர் கட்டத்துக்குள், நான்கு பக்கமும் இடம் விட்டு, நட்ட நடுவில் பெருக்கல் குறி போட்டாள். போட்டு முடித்ததும் மூக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேசை மேல் விழுந்தது. அது படாமல் சீட்டை இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். வாலுவைத் தாத்தாவிடம் அனுப்பிவிட்டு அம்மாவைச் சமையலறை மூலைக்கு இழுத்தாள்.

“அம்மா, நானும் போய்ப் போட்டுட்டேன். டீச்சருக்கு. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாத.”

“போடலன்னியே?”

“காலைல தூங்கி எழுந்தேன், நீ தன்னந்தனியா நிக்கற மாதிரி இருந்துச்சு. அப்பாவுக்காக இவ்வளவு அலைஞ்சியே, உன் பக்கம் ஒரு ஆளாவது இருக்கட்டுமேன்னுதான். நாம ரெண்டு பேராவது இருக்கோம்ல?”

அவள் வாயைத் திறந்தாள். மகளின் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள். அடுப்பில் பால் வைத்திருக்கவில்லை.

*

மூன்றாம் நாள் மத்தியானம் முடிவு வந்தது. அன்று வெயில் நன்றாக அடித்தது. சாலை காய்ந்து லாரிகள் ஓட ஆரம்பித்திருந்தன. அவள் எடைக்காரருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது மருமகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“மாமா! ஜெயிச்சாச்சு! டயர்க்கடைக்காரர் அறுநூத்தி நாப்பது ஓட்டுல! யார்டுல எல்லாரும் ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்காங்க, கேக்குதா?”

கேட்டது. நீளமாக, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பத்துப் பதினைந்து லாரி ஹாரன்கள். எடைக்காரர் இடது கையைத் தூக்கினார். மருமகன் அதைப் பிடித்துக் குலுக்கினான்.

“அப்புறம் இன்னொரு கூத்து மாமா. செல்லாத ஓட்டு எத்தன தெரியுமா? நூத்திப் பதினேழு! ஒரு கட்டத்துக்குள்ள ஒரு பெருக்கல் குறி போடத் தெரியாதவன் நூத்திப் பதினேழு பேரு இந்த வார்டுல!”

எடைக்காரர் உடம்பு குலுங்கச் சிரித்தார். சூப் தாடையில் வழிந்தது. “முட்டாப் பசங்க,” என்றார். “ஒத்தக் கையால... நான் போட்டேனே.”

“அதான மாமா!”

அவள் துண்டால் அவர் தாடையைத் துடைத்தாள். மருமகன் கொண்டாட்டத்துக்குத் திரும்பிப் போனான். ஹாரன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கல் அரைக்கும் எந்திரம் ஓட ஆரம்பித்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியிருந்தது.

“உனக்கு... வருத்தமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“உன் ஓட்டு... வீணாப் போச்சே.”

“போகட்டும்.”

“இல்ல. எனக்குத் தெரியும். வாலுவுக்காக... நீ போட்ட.” அவர் மூச்சு வாங்கினார். ஒரு பெரிய வாக்கியம் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது; கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். “அடுத்த தேர்தல்... வருதுல்ல. அப்ப நான்... உன் ஆளுக்குப் போடறேன். எனக்காக நீ... அவ்வளவு அலைஞ்சியே. சத்தியமா.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூசி இறங்கிக்கொண்டிருந்தது.

“அதுக்கு நாலு வருசம் இருக்குங்க,” என்றாள். “வாயத் தொறங்க, ஆறிடப் போகுது.”

கரண்டியை நீட்டினாள். அது பாதி வழியிலேயே ஆட ஆரம்பித்து, சூப் விரிப்பின் மேல் சிந்தியது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. எடைக்காரர் இடது கையால் அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்து, கரண்டியைத் தானே வாய்க்குக் கொண்டுபோனார்.